செருமாத கண்

டொரன்டோவில் நான் தையல் வேலை பார்த்த கம்பெனியில் கழிவறைப் பக்கம் நடந்தாலே விளக்கு தானாக எரியும். சுவிட்சைத் தேட வேண்டியதில்லை. முதல் வாரம் அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன். பிறகுதான், நான் வருவதை இதற்குச் சொன்னது யார் என்று யோசனை வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு மகன் பிறந்தான். மதிய இடைவேளையில் கணவர் அவனைத் தூக்கிவருவார். பெண்கள் உடை மாற்றும் அறையில் வைத்துப் பால் கொடுப்பேன். ஒரு நாள் அந்த அறைச் சுவரின் மேல்மூலையில் கேமரா முளைத்திருந்தது. துணி திருட்டுப் போகிறதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்டூலில் ஏறிச் சால்வையை அதன் தலையில் போட்டு மூடிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். வெளியே வந்ததும் சூப்பர்வைசர் நிறுத்தினார்.

“எதை மறைக்கிறாய்?”

“பிள்ளைக்குப் பால் கொடுத்தேன்.”

“அதை யாரும் பார்க்கமாட்டார்கள். பதிவு மட்டும்தான் ஆகும்” என்றார், ஆறுதல் சொல்வதுபோல. மறுபடி மூடினால் வேலை இருக்காது என்றும் சொன்னார்.

எண்பதுகளில் ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை பார்த்தவள் நான். அங்கே தாய்மார் பால் கொடுக்கும் இடத்துக்கு ஒரு பழைய சேலைதான் கதவு. ஆனால் மேஸ்திரி தூரத்திலேயே நின்று தொண்டையைச் செருமுவார். “ஏட்டி, வாரேன்” என்பார். “வாங்கண்ணே” என்று உள்ளேயிருந்து பதில் வந்த பிறகுதான் சேலையைத் தொடுவார். நம் ஊர்க் கண்ணுக்கு எதுவும் தப்பாது, உண்மைதான். ஆனாலும் அது சொல்லிவிட்டு வரும் கண்.

“உங்கள் கேமராவுக்குச் செருமத் தெரியாது. அது செருமப் பழகும்வரை சால்வை அங்கேதான் இருக்கும்” என்றேன் சூப்பர்வைசரிடம். என் ஆங்கிலத்தில் தொண்டை என்பது மட்டும் புரிய, எனக்குத் தொண்டைவலி என்று நினைத்து மருந்து வேண்டுமா என்று கேட்டார் அந்த மனிதர். மறுநாளும் மூடினேன். கூட வேலை செய்த போர்த்துக்கீசியப் பெண்களும் தங்கள் துண்டுகளைக் கொண்டுவந்தார்கள். எத்தனை பேரைத்தான் வேலையை விட்டு அனுப்புவார்கள்? கடைசியில் கேமரா அறையை விட்டு வெளி நடைவழிக்குப் போனது.

அந்த மார்கழியில் பிள்ளையோடு ராஜபாளையம் வந்தேன். பசித்து அழுதவனை அறைக்குள் தூக்கிப்போய்த் தாழ்ப்பாள் போட்டேன். அவனைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்த அக்கா கதவைத் தட்டினாள்.

“ஏட்டி, நாங்க என்ன அந்நியமா? யாருக்குப் பயந்து தாழ்ப்பாள் போடுத?”

எனக்குச் சுருக்கென்றது, திறந்தேன். அக்காவும் மதினியும் கட்டிலில் நெருக்கியடித்து உட்கார்ந்து, “அம்புட்டும் நம்ம அய்யா சாடை” என்று பேசத் தொடங்கினார்கள். அவர்கள் நடுவில் இருந்து பால் கொடுத்தேன். கூச்சமே இல்லை. ஆனால் கண் மட்டும் நிமிர்ந்து சுவரின் மேல்மூலையைப் பார்த்தது. அங்கே ஒரு பல்லிதான் இருந்தது. அது தெரிந்தும் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டேன்.