கழற்றாத கம்பி

என் பல் கிளினிக்கில் செருப்பை மட்டும்தான் வெளியே விடச் சொல்லுவோம். அந்த அம்மா முதல் தடவை வந்தபோது கொண்டை ஊசி, சேலையில் குத்தியிருந்த ஊக்கு எல்லாவற்றையும் கழற்றி மணிபர்சில் போட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தார். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை. இரும்பு உரசினால் பொறி பறக்கும் என்று அங்கே கேட்டிலேயே கழற்றச் சொல்லிவிடுவார்கள்.

"இங்கன வேண்டாம்மா" என்றேன்.

"கை தன்னால போயிருதும்மா" என்றார். கணவரை அதே வேலையில், ஒரு வெடி விபத்தில்தான் பறிகொடுத்திருந்தார்.

வைத்தியம் மகளுக்கு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண். முன்பற்கள் தூக்கிக்கொண்டு உதடு மூடாது. கிளிப் போட்டேன்.

நான் கொஞ்சம் கறார். கருவிகளை நீராவி மெஷினில் வைக்கிற உறையின் மேல் ஒரு கோடு இருக்கும். சூடு சரியாக ஏறினால்தான் அது கறுக்கும். அரைகுறையாகக் கறுத்திருந்தால் மொத்தமும் திரும்ப மெஷினுக்குப் போய்விடும், வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும் சரி. "எங்க சர்ச்சுலகூட இம்புட்டுச் சுத்தம் பாக்க மாட்டாக" என்று நர்ஸ் முணுமுணுப்பார். 'அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும்' என்கிற பேச்சே எனக்கு ஆகாது.

தீபாவளி சீசன் சூடுபிடித்ததும் மகளும் அம்மாவோடு கம்பெனிக்குக் கிளம்பினாள். முதல் நாளே போர்மேன் கேட்டில் அவள் வாயில் இருந்த கம்பியைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் இருவரும் என் முன்னால் வந்து நின்றார்கள். மகளுக்கு அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"இதக் கழட்டிருங்க டாக்டர். கூடப் படிச்சவளுக எல்லாம் வேலைக்குப் போறாளுக."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பல் பாதிதான் நகர்ந்திருக்கிறது. இப்போது எடுத்தால் பட்ட பாடெல்லாம் விழலுக்கு இறைத்த நீர். எச்சில் ஊறிய வாய்க்குள் இருக்கிற கம்பி எதில் போய் உரசப்போகிறது? மகளை நர்ஸோடு எக்ஸ்ரே எடுக்க அனுப்பினேன். கம்பியால் ஆபத்தில்லை என்று சான்று எழுதித் தருகிறேன், போர்மேனிடம் காட்டுங்கள் என்று சொல்லிப் பேனாவை எடுத்தேன்.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுதாதீகம்மா."

"அவ வேலைக்குப் போகணும்னு அழுறாளே?"

"போக வேண்டாம். நாஞ் சொன்னா, நீ மட்டும் போகலையாங்கிறா. கேட்டுல சொன்னாத்தான் கேப்பா." எக்ஸ்ரே அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "இது வாயில எம்புட்டு நாள் இருக்கும்?"

"இன்னும் ஒரு வருசம்."

"கூடக் கொஞ்ச நாள் போட்டு வைக்கக் கூடாதா?"

எதற்காகக் கேட்கிறார் என்று புரிந்தது. ஆனாலும் முடியாது என்றுதான் சொன்னேன். வேலை முடிந்த கிளிப் வாயில் கிடந்தால் பல் சொத்தையாகும்; தேவைக்கு மேல் ஒரு நாள்கூட நான் வைத்திருப்பதில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அன்றைக்கு என் கறார் எனக்கே பிடிக்கவில்லை.

பிறகுதான் அதைச் சொன்னேன். "கிளிப்ப எடுத்ததும் முன்பல்லுக்குப் பின்பக்கம் மெல்லிசா ஒரு கம்பி ஒட்டுவேன். பல்லு பழைய இடத்துக்குத் திரும்பாம இருக்கிறதுக்கு. எங்கிட்ட வர்ற எல்லாருக்கும் அப்படித்தான். அது வருசக்கணக்கா இருக்கணும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அதுவும் இரும்புதானம்மா?"

"எஃகு. ஆனா வெளிய தெரியாது. வாயத் திறந்தாக்கூட போர்மேன் கண்ணுக்குப் படாது."

"கேட்டுல நாஞ் சொல்லிக்கிறேன்" என்றார்.

மகள் எக்ஸ்ரே முடிந்து வந்தாள். "கழட்ட முடியாதாம், டாக்டரம்மா சொல்லிட்டாக" என்றார் அம்மா. அவள் என்னை முறைத்தாள். முறைக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

வாசலில் நின்று அந்த அம்மா பர்சைத் திறந்து, வரும்போது கழற்றிப் போட்டிருந்த கொண்டை ஊசியை எடுத்துச் செருகிக்கொண்டார். காலையில் கம்பெனி வேன் வந்ததும் அவர் அதைத் திரும்பக் கழற்ற வேண்டும்.