பெட்டிக்காரரின் மணிக்கணக்கு

இறந்தவர்களை வைக்கும் குளிர்பெட்டியை வாடகைக்கு விடுகிறவர் அவர். பெட்டிக்காரர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். பெட்டியைச் சுவரோரம் வைத்து மின்சாரம் கொடுத்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "யாரு, எங்கேருந்து வரணும்?"

அன்று காலை போன வீட்டில், இறந்துபோன அம்மாளின் ஒரே மகள் கடல் கடந்து இருந்தாள். அம்மாளின் தம்பிக்கு மூக்குமேல் கோபம். எல்லாவற்றையும் அவரே முடிவு செய்திருந்தார். அவருடைய மகன் போனில் பார்த்துச் சொல்லியிருந்தான்: ஏழாயிரத்து இருநூறு கிலோமீட்டர், விமானத்தில் ஒன்பது மணி நேரம்.

"இப்ப பதினொண்ணு. எப்படியும் விடியறதுக்குள்ள வந்துடுவா. நாளைக்குப் பத்து மணிக்கு எடுத்துடலாம்," என்றார் தம்பி.

"பத்து மணிக்கு அவங்க நம்ம ஊர் எல்லையைக்கூடத் தொட்டிருக்க மாட்டாங்க, ஐயா," என்றார் பெட்டிக்காரர்.

"நீங்க பெட்டி கொண்டுவந்தீங்களா, பிளேன் ஓட்ட வந்தீங்களா?"

துக்க வீடென்றும் பாராமல் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். பெட்டிக்காரருக்குச் சுருக்கென்றது. ஆனால் அவரால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. தொழிலுக்கு வந்த புதிதில் அவரும் இப்படித்தான் தூரத்தை வேகத்தால் வகுத்து, ஒரு வீட்டில் எட்டு மணி நேரம் என்று அடித்துச் சொல்லிவிட்டார். அந்த வீட்டு மகன் ஓடி வந்தபோது, இவர் காலிப்பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவன் அதன் கண்ணாடிமேல் கை வைத்து நின்றான். ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருந்தாலாவது தேவலை. அன்றிலிருந்து, வந்து சேர்கிறவர்களிடம் எங்கே விமானம் மாறினீர்கள், எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று விசாரித்து நோட்டில் குறித்துக்கொள்கிறார். அழுகிற நேரத்தில் கேட்கிற கேள்வியா இது என்று பலர் முறைத்திருக்கிறார்கள்.

அவர் போனில் தூரம் பார்த்துச் சொன்ன பையன் பக்கம் திரும்பினார். "தம்பி, போன் நேர்கோடு போட்டுக் காட்டுது. அந்த ஊர்லேருந்து இங்க நேரா விமானமே கிடையாது. அக்காவையே கேட்டுப் பாருங்க."

அவன் கூப்பிட்டான். அவள் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"ரெண்டு பிளேன்டா. நடுவுல எட்டு மணி நேரம் உட்காரணும். இறங்கி நாலு மணி நேரம் கார்ல வரணும். அம்மா முகத்தைப் பார்த்துடுவேனாடா?"

பெட்டிக்காரர் நோட்டைப் புரட்டிக் கணக்குப் போட்டார்.

"நாளைக்கு மதியம் மூணு மணிக்கு வைங்க," என்றார். "அதுவரைக்கும் அம்மா முகம் மாறாது. நான் கூடவே இருக்கேன்."

அம்மாளின் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் அவசரத்துல புள்ளைக்குத் துரோகம் பண்ணப் பார்த்தேனே," என்றவர் போனை வாங்கினார். "மூணு மணிக்குத்தாம்மா. நீ பதறாம வா."

மறுநாள் இரண்டு இருபதுக்குக் கார் வந்து நின்றது. அந்த ஊர்க் குளிருக்குப் போட்ட கனத்த கோட்டோடு அப்படியே உள்ளே ஓடி வந்தாள். பெட்டிக்காரர் மூடியைத் தூக்கினார். அம்மாவின் கன்னத்தைத் தொட்டவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"என்னம்மா, இப்படிச் சில்லுன்னு இருக்கே!"

கோட்டைக் கழற்றி அம்மாமேல் போர்த்தி, கழுத்துவரை இழுத்துவிட்டாள். உள்ளே துணி போட்டால் குளிர் ஏறாது என்று எந்த வீட்டிலும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிற பெட்டிக்காரர், ஒன்றும் சொல்லாமல் குனிந்து சுவிட்சை அணைத்தார்.