உப்புத் தண்ணீரில் ஓடிய சாமை மில்

ஒடுகத்தூர் மளிகைக் கடையில் நான்கு மூட்டை கல்லுப்பு கேட்டபோது கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கருவாடு போடப் போறீங்களா?" என்றார். மலையில் பேட்டரி ஓட்டப் போகிறேன் என்றேன். அதன் பிறகு அவர் என்னிடம் பேச்சே வைத்துக்கொள்ளவில்லை.

நான் சொன்னது பொய்யில்லை. கடற்கரையோர ஆய்வுக்கூடம் ஒன்றில் மூன்று வருடமாக எனக்கு அதுதான் வேலை. சோடியம், தண்ணீரைக் கண்டாலே சண்டைக்குப் போகிற உலோகம். அதை ஒரு பக்கம் அடைத்து வைத்து, நடுவே ஒரு பீங்கான் தகட்டை நிறுத்தி, மறுபக்கம் கடல்நீரை விடுவோம். வெயில் நேரத்தில் சோலார் மின்சாரம் கொடுத்தால், தண்ணீரில் கரைந்திருக்கும் சோடியம் தகட்டைக் கடந்து உள்ளே போய்ச் சேரும். மின்சாரம் வேண்டும்போது அதே வழியில் திரும்பி வரும். உப்புக்கு நம்மிடம் என்ன பஞ்சம்? ஊருக்கு ஊர் பெரிய பெரிய பேட்டரிகளாகக் கட்டிவிடலாம் என்பது எங்கள் ஆசை. கடலே இல்லாத இடத்தில் முதலில் ஓட்டிக் காட்டுங்கள் என்றது எங்கள் திட்டத்தை மதிப்பிடும் குழு. நான் அடிவாரத்துக்காரி. யோசிக்காமல் ஜவ்வாது மலை என்று சொல்லிவிட்டேன்.

மலைமேல் நெல்லிவாசல்நாட்டுக் குக்கிராமம் ஒன்றில் ஓர் அக்கா, சாமையின் உமி நீக்கும் மில் வைத்திருந்தார். கரண்ட் வருவதும் போவதும் அதன் இஷ்டம். மில் நின்றால் ஜனங்கள் மூட்டையை ஷேர் ஜீப்பில் போட்டுக்கொண்டு மலையிறங்க வேண்டும். எங்களுக்கு வைத்த பரீட்சை ஒன்றே ஒன்று. சோலாரையும் கரண்ட்டையும் துண்டித்துவிட்டு, எங்கள் பேட்டரியில் மட்டும் அந்த மில் நான்கு மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். ஓடாவிட்டால் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு ஊர் போய்ச் சேரலாம், என் மூன்று வருடத்தையும் சேர்த்து.

கடல்நீருக்குப் பதிலாக மில்லின் பக்கத்தில் ஒரு சிமெண்ட்டுத் தொட்டியில் உப்பைக் கரைத்து வைத்தோம். தினமும் மாலை நான்கு மணிக்கு மில்லைப் போட்டுப் பார்ப்போம். ஒரு மணி நேரத்தில் மூச்சு வாங்கிவிடும். இரண்டாவது வாரம் தொட்டிப் பக்கம் போனால் புளித்த நாற்றம். எட்டிப் பார்த்தேன். உப்புத் தண்ணீரின் மேல் வெள்ளையாக ஆடை கட்டியிருந்தது. யாரோ சாமை கழுவிய தண்ணீரைக் கொட்டியிருந்தார்கள். விளிம்பில் மாட்டின் எச்சில் வேறு.

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. அக்காவைப் பிடித்து ஒரு பாட்டம் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சிமெண்ட்டுத் தொட்டி வெச்சீங்க. உப்புத் தண்ணி ரொப்பினீங்க. ஏர் ஓட்டிட்டு வர்ற மாட்டுக்கு நாங்க வெக்கிறது அதானே? மாட்டுக்கு இல்லன்னா இன்னாத்துக்குன்னு நீங்க சொன்னீங்களா?" என்றார்.

சொல்லவில்லைதான். அது மட்டுமா, மாட்டுத் தொட்டி விற்கிற இடத்திலேயே போய் அதை வாங்கி வந்தவள் நான்.

தொட்டியைத் தேய்த்துக் கழுவி, புதிதாக உப்பு கரைத்து, தகர மூடி போட்டோம். மாடுகளை அண்டவிடாமல் அக்காவே துரத்தினார். இனி ஓடிவிடும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரத்தில் நின்றது. அழுக்குத் தண்ணீரில் ஒரு மணி, சுத்தமான தண்ணீரில் முக்கால் மணி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. குழு வெள்ளிக்கிழமை வருகிறது. என் அம்மா ஜெபக் கூட்டத்தில் என் பேட்டரிக்காக விண்ணப்பம் கொடுத்திருந்தாள். அந்த அவமானம் வேறு.

லேப்டாப்பில் பழைய பதிவுகளைப் புரட்டினேன். மில் ஓட ஓட தினமும் சரிந்துகொண்டே வரும் வோல்டேஜ் கோடு நாலரை மணி வாக்கில் கொஞ்ச நேரம் ஏறி, பிறகு மறுபடி சரிந்திருந்தது. மூடி போட்ட நாளிலிருந்து அந்த ஏற்றம் இல்லை.

"அக்கா, நாலரைக்கு இங்க என்ன நடக்கும்?"

"இன்னா நடக்கும்? மாடு வூடு திரும்பும்."

மறுநாள் மூடியை எடுக்கச் சொன்னேன். அக்கா என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு எருதுகளை ஓட்டி வந்தார். அவை மூக்கை முக்கி, ஒரு வாய் உறிஞ்சி, உப்பு அதிகம் என்று புஸ்ஸென்று ஊதி, தண்ணீரைக் கலக்கின. திரையில் கோடு ஏறியது. நான் சத்தம் போட்டுச் சிரித்தேன்.

சோடியம் திரும்பி வரும்போது மறுபக்கத் தண்ணீரில் காற்று கரைந்திருக்க வேண்டும். இது ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் பாடமாகவே நடத்துகிற விஷயம். கடலில் அலை அந்த வேலையைச் செய்துவிடுவதால் மூன்று வருடமாக நான் அதைப் பற்றிக் கவலைப்பட்டதேயில்லை. அசையாத தொட்டியில் பேட்டரி மூச்சுத் திணறியிருக்கிறது. கழுநீர் வேறு புளித்து, இருந்த கொஞ்சக் காற்றையும் தின்றது. மாடுகள்தான் ஏதோ ஊதிக் காப்பாற்றியிருக்கின்றன.

அன்றே போளூருக்கு ஆளனுப்பி ஒரு சின்ன பம்பும் சொட்டுநீர்க் குழாயும் வாங்கி வரச் செய்தேன். ஆணியைச் சுட்டுக் குழாய் நெடுகத் துளை போட்டோம். பேட்டரியே ஓட்டிய அந்தப் பம்பு தொட்டித் தண்ணீரை மேலே ஏற்ற, அது உயரத்திலிருந்து மழைபோலத் திரும்பத் தொட்டியில் விழுந்தது. மாடுகளுக்கு அக்கா தனியாக ஒரு தொட்டி வைத்தார்.

வெள்ளிக்கிழமை குழுவிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பத்து மணிக்கு அவர்கள் கையாலேயே சோலார், கரண்ட் ஒயர்களைப் பிடுங்கினார்கள். மில் ஓடியது. அக்கா சுற்று ஊர்களுக்கெல்லாம் சொல்லியனுப்பியிருந்ததால் மூட்டைகள் வரிசைகட்டி நின்றன. பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. நான் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது சாய்கிற வழியாக இல்லை. இரண்டு மணிக்குக் குழுத் தலைவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் மில் பக்கம் திரும்பி, "போதும்மா, நிறுத்திடலாம்" என்றார்.

அக்கா கையிலிருந்த முறத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நிறுத்தறதா? இன்னும் ஆறு மூட்டை நிக்குதுங்க. நீங்க போய்ட்டு சாப்ட்டு வாங்க."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் அடுத்த மூட்டையின் வாயை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அந்த மில்லை நிறுத்தச் சொல்கிற உரிமை இனி எங்கள் யாருக்கும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.