ஓங்கிய குடம்

சாயங்காலமானால் எங்கள் "லைன் வீடு"களின் எல்லா டி.வி.யிலிருந்தும் ஒரே சமயத்தில் ஆட்கள் அடி வாங்கும் சத்தம் வரும். ஒரு வீட்டில் தமிழில், அடுத்த வீட்டில் கன்னடத்தில், அதற்கடுத்ததில் தெலுங்கில், ஆனால் "டிஷ்யூம்" மட்டும் மூன்று மொழிக்கும் பொது. இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. அப்பாவுக்கு ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்துத் திருநெல்வேலியிலிருந்து நாங்கள் வந்திறங்கிய முதல் கோடை.

அந்த விடுமுறையில் பிள்ளைகள் சினிமாச் சண்டை போட்டு விளையாடியதில் ஒருவனுக்குப் பல் உடைந்தது. வீட்டுக்காரம்மா வாசலுக்கு வந்து தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "இந்தப் பொட்டிதான் புள்ளைங்கள கெடுக்குது. மொதல்ல ஒயர புடுங்குங்க." முதல் ஆளாகத் தலையாட்டியவர் என் அம்மா. படத்தில் கத்தியைக் கண்டாலே முந்தானையால் கண்ணை மூடிக்கொள்வார். கோழிக்கடைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். கேபிள் போனது. பிள்ளைகள் சாதுவாகிவிட்டதாகப் பெரியவர்கள் மெச்சிக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் தம்பிக்கு விடாத காய்ச்சல். அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. எங்கள் வாசற்படியை ஒட்டியிருந்த பொதுக்குழாயில் காலையில் தண்ணீர் வந்தபோது, வைத்த குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல், அடுத்த காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கோ பார்த்தபடி நின்றிருந்தார். பக்கத்து வீட்டுக் கௌரம்மா, தமிழ் அவ்வளவாக வராதவர், எங்கள் வாசல் பக்கம் கையை நீட்டி, "சாக்கு, சாக்கு!" என்று கத்தினார். அம்மாவின் காதில் அது "சாகு, சாகு" என்று விழுந்தது.

"ஏட்டி, எம்புள்ளையவா சாகச் சொல்லுத?"

எவர்சில்வர் குடம் அம்மாவின் தலைக்குமேல் போனது. அந்த முகத்தை நான் எந்த டி.வி.யிலும் பார்த்ததில்லை. எனக்குப் பயத்தைவிடப் பிரமிப்புதான் வந்தது. தம்பியின் நெற்றியில் ஈரத்துணி போடுகிற கைக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது?

சத்தம் கேட்டு எழுந்து வந்த தம்பி, தள்ளாடிக்கொண்டு இருவருக்கும் நடுவில் நின்றுவிட்டான். கௌரம்மா ஓடவில்லை, பதிலுக்குக் கை ஓங்கவுமில்லை. குனிந்து, அவன் தலையைத் தன் இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். குடம் அந்தரத்தில் அப்படியே நின்றது. அப்படி நிறுத்தவும் அம்மாவுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. இன்றைக்கும் எனக்கு வியப்பு அடங்காதது அந்த இடத்தில்தான்.

தமிழ்ப் பள்ளியில் படிக்கும் மஞ்சுளா, கௌரம்மாவின் மகள், ஓடி வந்தாள். "ஐயோ ஆன்ட்டி, சாக்குன்னா கன்னடத்துல போதும்னு அர்த்தம்! கொடம் ரொம்பிடுச்சு, போதும்னு சொல்லுது எங்கம்மா!" அம்மா படியிலேயே உட்கார்ந்து, கௌரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

இப்போது அந்த லைன் வீடுகள் இல்லை, அங்கே அடுக்குமாடி நிற்கிறது. கௌரம்மா குடும்பம் ஆனேக்கல் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. சுட்டுத் தள்ளும் விளையாட்டுக்காக என் மகனிடமிருந்து செல்போனைப் பிடுங்கும்போதெல்லாம், இதைப் பிடுங்கினால் ஆயிற்றா என்று எனக்கே சந்தேகமாக இருக்கும். போன வாரம் அம்மா அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். பெங்களூரில் வளர்கிற பிள்ளை, பள்ளிக்கூடப் பழக்கத்தில், "சாக்கு ஆச்சி, சாக்கு!" என்றான்.

கரண்டி அந்தரத்தில் நின்றது. அம்மா என்னைப் பார்த்தார். பிறகு கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு, அவன் தலைமேல் இரண்டு கைகளையும் வைத்தார்.