சுத்தியல் படாத கல்

என் அக்காவின் குளியலறைத் தரையில் ஒரு கல் மட்டும் காயவே காயாது. மற்ற டைல்கள் எல்லாம் தண்ணீரை வடிகால் துவாரத்துக்கு அனுப்பிவிட்டு யன்னல் காற்றில் வெளுத்துவிடும். குழாய்க்கு நேர் கீழே இருந்த அந்தச் சாம்பல் நிறக் கல் மட்டும் ஒரு உள்ளங்கைத் தண்ணீரை வைத்துக்கொண்டு கிடக்கும். காலையில் அதில் யன்னலின் சதுரம் தெரியும். மேகம் போனால் மேகம் தெரியும். கண்டியில் மேகம் போகாத காலை ஏது. அந்தக் கல்லை வைத்தவன் நான். அந்தத் தரையையே போட்டவன் நான். வாழ்க்கையில் நான் போட்ட முதல் தரை அது. இனி ஒன்று போடமாட்டேன்.

அக்காவுக்குச் சீனி வியாதி. கால் விரலில் வந்த ஒரு சின்னப் புண் கறுத்து, மேலே ஏறி, கடைசியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்து அவள் முதலில் கேட்டது காலைப் பற்றி அல்ல. "இனி நான் எப்படிக் குளிக்கிறது?" என்று கேட்டாள். அந்த வீட்டில் நானும் அவளும் மட்டுந்தான். தம்பி நான் குளிப்பாட்ட முடியாது. வேலைக்கு ஒரு பெண்ணை வைக்கலாம் என்றேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இன்னொருத்தி கையால குளிக்கணும்னா நான் கன்னியாஸ்திரி சிஸ்டர்மார் நடத்துற இல்லத்துக்கே போயிடுறேன். அங்க எல்லாருக்கும் அதுதான் விதி. வெக்கப்பட ஒண்ணுமில்ல." சும்மா சொல்லவில்லை. கட்டிலில் படுத்தபடியே தொலைபேசியில் பேசி, அங்கே ஒரு கட்டிலும் கேட்டு வைத்துவிட்டாள்.

அந்தப் பிடிவாதத்தின் வேர் எனக்குத் தெரியும். நாங்கள் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வரிசையில் பிறந்தவர்கள். அங்கே குளிப்பதென்றால் மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீர்தான். வயது வந்த பெண்கள் பாவாடையை மார்புக்கு மேல் கட்டிக்கொண்டு, பாதையில் போகிற கங்காணியும் கணக்கப்பிள்ளையும் பார்க்கப் பார்க்க, அவசரமாக இரண்டு வாளி ஊற்றிக்கொண்டு ஓடிவர வேண்டும். அக்கா படித்து, ஆசிரியை ஆகி, கட்டுகஸ்தோட்டைக்கு மேலே மலைச்சரிவில் ஒரு துண்டுக் காணி வாங்கியபோது, வீட்டுக்கு முன்பே குளியலறையைத்தான் கட்டினாள். சுற்றிலும் வெறும் அத்திவாரம்; நடுவில் ஒரு குளியலறை, அதற்கு ஒரு கதவு, கதவுக்கு உள்ளே ஒரு பித்தளைத் தாழ்ப்பாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவள் தினமும் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் திறந்து பார்ப்பாள்.

இப்போது அதே குளியலறையின் உயர்ந்த படிதான் அவளுக்கு எதிரி. தரையை இறக்கி, நடைபாதையின் மட்டத்துக்குக் கொண்டுவந்தால் சில்லு வைத்த கதிரை நேராக உள்ளே போகும். அவளே தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்ளலாம். தரை போடும் மேசன் பாஸ் ஒருவரைப் பிடித்தேன். அவர் பழைய தரையை உடைத்தார், குழாயை இறக்கினார். சித்திரைப் புத்தாண்டு வந்தது. கம்பளைப் பக்கத்துத் தன் ஊருக்குப் போனார். போனவர் வேலை தொடங்கும் சுபநேரம் வரும்வரை திரும்பமாட்டார் என்பது, ஆஸ்பத்திரி அழைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. விடுமுறைக்கு ஆள் குறைவு, போகக்கூடிய நோயாளிகளை அனுப்புகிறோம், சனிக்கிழமை வந்து கூட்டிப்போங்கள் என்றார்கள். நான் பாஸிடம் தொலைபேசியில் கெஞ்சினேன். "மாத்தயா, நெகத், நல்ல நேரம் பாக்காம சாந்துக் கரண்டி தொட்டா வருசம் முழுக்க வேல சரி வராது," என்றார், உண்மையான வருத்தத்தோடு. பின்னால் பட்டாசும் பிள்ளைகளின் சிரிப்பும் கேட்டன. அக்காவிடம் சொன்னேன். "அப்போ சிஸ்டருக்குச் சொல்லிடுறேன், வேன் அனுப்புவாங்க," என்றாள். நானே போடுகிறேன் என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரி எழுந்திருப்பாள். "நீ ஆணி அடிச்சு மாட்டுன படம் இன்னைக்கும் கோணலாத்தான் தொங்குது. நீ தரை போடப் போறியா?"

வியாழக்கிழமை, மடவளையில் மட்டும் ஒரு கடை திறந்திருந்தது. கடைக்கார நானாவுக்கு என்னைத் தெரியும். அவருடைய மகன் என்னிடம் படித்தவன். "என்ன மாஸ்டர், பாஸ்மார் எல்லாம் ஊர்ல கொக்கிஸ் பலகாரம் திண்டுட்டு இருக்காங்க, நீங்க சீமெந்து மூட்டை தூக்குறீங்க?" என்றார். காரணத்தைச் சொன்னதும் முகம் மாறியது. எல்லாவற்றையும் அவரே எடுத்து வைத்தார்: சீமெந்து, மணல், நீர் கசியாமல் பூசும் மருந்து, டைல், ரப்பர் சுத்தியல். "சாய்வ மறந்துடாதீங்க. தண்ணி உங்க ஸ்கூல் புள்ளைகள் மாதிரி, கதவு எங்க தொறந்திருக்கோ அங்கதான் ஓடும்."

அவர் வேடிக்கையாகச் சொன்னது அப்படியே நடந்தது. முழந்தாளில் நின்று சாந்தைப் பரப்பி, இழுத்து, தடவி, சாய்வு வந்துவிட்டதென்று நம்பி, கொஞ்சம் இறுகியதும் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினேன். அது தயங்கிற்று. பிறகு துவாரத்துக்கு முதுகைக் காட்டிவிட்டு, கதவு வழியே நடைபாதைக்கு நடந்து வந்தது. இந்த ஊரில் சமதரை என்று ஒன்று கிடையாது. வீடு சாய்வு, பாதை சாய்வு, பள்ளிக்கூட மைதானம்கூடச் சாய்வு. சாய்விலேயே பிறந்து சாய்விலேயே நடந்தவனுக்கு ஒரு கதவளவு இடத்தில் சாய்வு வைக்கத் தெரியவில்லை. சுரண்டி எடுத்தேன். மறுபடி பூசினேன். அதுவும் கதவைத்தான் பார்த்தது. மறுபடி சுரண்டினேன். அந்தச் சாம்பல் சேற்றில் உட்கார்ந்து, அக்கா ஒரு வெள்ளை வேனில் ஏற்றப்படுவதைப் பார்த்தேன். மடியில் அவளுடைய துணிப்பை. ஒரு கால் செருப்பு. அழுதேனா என்று நினைவில்லை. மூன்றாவது தரம் பூசும்போது கண்ணை நம்புவதை விட்டுவிட்டேன். ஒரு கண்ணாடிக் கோலியை வைத்து, அது எங்கே உருள்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பூசினேன். கடைசியில் கோலி துவாரத்தில் போய் விழுந்தது. இறுகிய சாந்தின் மேல் மருந்தைப் பூசிவிட்டு, அப்படியே சுவரில் சாய்ந்தேன்.

மறுநாள் பெரிய வெள்ளி. டைலை எடுத்துச் சாந்தில் வைத்து, ரப்பர் சுத்தியலை ஓங்கும்போது தொலைபேசி அடித்தது. அக்கா. "தம்பி, வேலை செய்யிறியா?" "ஆமா." "செய். வேற வழியில்ல. ஆனா சுத்தியல் சத்தம் கேக்கக் கூடாது. இன்னைக்கு யார் வீட்டுல சுத்தியல் அடிச்சாலும் அந்த ஆணி ஆண்டவர் கையிலதான் எறங்கும்னு அம்மா சொல்லுவாங்க. எனக்காக அந்த மனுசனை மறுபடி சிலுவையில அறையாத." இது ரப்பர் சுத்தியல் அக்கா, ஆணியே இல்லை என்றேன். "ரப்பர்னா வலிக்காதா?" என்று கேட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

நான் அவளளவு விசுவாசி அல்ல. ஆனாலும் சுத்தியலைக் கீழே வைத்தேன். அவளுக்காக ஒரு தரையைப் போட்டுக்கொண்டு, அவள் வேண்டாம் என்ற சத்தத்தை அதற்குள்ளே புதைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு கல்லையும் உள்ளங்கையால் அழுத்தினேன், பிறகு முழங்கையால், பிறகு முழங்காலால். அன்று மாதா கோயிலில் மணி அடிப்பதில்லை; மரத்தட்டியைத்தான் ஆட்டுவார்கள். சரிவுக்குக் கீழே கோயிலிலிருந்து அந்தக் காய்ந்த மரச்சத்தம் வந்தபோது கடைசிக் கல் மட்டும் மிச்சம், குழாய்க்குக் கீழே. முன்னமே குழைத்து வைத்திருந்த சாந்து இறுகத் தொடங்கிவிட்டது. விரல்களால் வழித்து அப்பினேன். கல்லை வைத்து என் முழுப் பாரத்தையும் முழங்காலில் இறக்கினேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று தெரியாது. கல் மற்றவற்றை விடக் கொஞ்சம் தாழ்ந்து போயிற்று. தூக்கி மறுபடி வைக்க என்னிடம் கையும் இல்லை, சாந்தும் இல்லை.

சனிக்கிழமை மாலை அவள் வந்தாள். ஆஸ்பத்திரி நாற்றம் போகக் குளிக்க வேண்டும் என்று துடித்தாள். விடியும்வரை நனைக்கக் கூடாது என்றேன். குளியலறை வாசலிலேயே கதிரையை நிறுத்தி, காவல்காரியைப் போல உட்கார்ந்திருந்தாள். உயிர்ப்பு ஞாயிறு காலையில் சில்லுகள் படியில்லாத வாசலைக் கடந்தன. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. நான் வெளியே நின்றேன். தண்ணீர்ச் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. வெகுநேரம் ஒன்றுமில்லை. கதவில் கையை வைத்துவிட்டேன்.

"என்னடா, செத்துட்டேன்னு நினைச்சியா? சவுக்காரம் விழுந்துருச்சு, தேடுறேன்."

"தண்ணி சரியாப் போகுதா அக்கா?"

"போகுது. ஒரு கல்லுல மட்டும் நிக்குது. கால் வைக்கிற எடம்." பிறகு, "இருக்கட்டும். மிச்சமிருக்கிற காலுக்குக் குளிர்ச்சியா இருக்கு," என்றாள்.

சுபநேரம் பார்த்துத் திரும்பி வந்த பாஸ், அந்தக் கல்லை மாற்றித் தருவதாகச் சொன்னார். அக்கா விடவில்லை. கடைசிக் காலை வரை அந்தத் தாழ்ப்பாளை அவளே போட்டாள், அவளே திறந்தாள். ஒரு விடியலில் கட்டிலிலிருந்து எழுந்திருக்கவில்லை. வேறு கைகள் அவளைக் குளிப்பாட்டியது அன்று ஒருநாள்தான்.

குழாய் திறக்கப்படாமல் பல மாதம் கடந்த பிறகு, அந்தக் கல் காய்ந்தது. சுற்றியிருந்த சீமெந்துக் கோடு வெடித்தது. வீட்டில் ஒரு பகுதியை வாடகைக்கு விடலாம் என்று போன வாரம் அதே பாஸைக் கூப்பிட்டேன். அவர் கரண்டி நுனியை இடுக்கில் வைத்ததும், கல் முழுசாக, ஒரு மூடியைப் போலக் கையோடு வந்தது. கீழே காய்ந்த சாந்தில் என் விரல்கள் இழுத்த தடங்கள் அப்படியே இருந்தன. "மாத்தயா, இது பிடிக்கவே இல்ல. சும்மா மேல இருந்திருக்கு. இவ்வளவு நாள் எப்படி அசையாம நிண்டிச்சு?" என்றார். தினமும் காலையில் ஒரு பாதம் அதை அழுத்திக்கொண்டிருந்தது.

புதுச் சாந்து குழைத்துக் கல்லை வைத்தார். ரப்பர் சுத்தியலை என்னிடம் நீட்டினார். தட்டினேன். இன்னொரு தரம் தட்டினேன். சத்தம் வீடெல்லாம் கேட்டது. தொலைபேசி அடிக்கவில்லை. மறுநாள் காலை ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். அந்தக் கல்லின் மேலாக, யன்னலையும் மேகத்தையும் கூட்டிக்கொண்டு, ஒரு சொட்டும் நிற்காமல் ஓடிப்போயிற்று.