மூணு சொட்டு தங்கத்தாய்

ஏழு மணிச் செய்தி முடியப் போகிற நேரத்தில் யார் வந்து வாழை இலை கேட்டாலும் தங்கத்தாய் கொடுக்க மாட்டாள். இலைக்கட்டின் மேல் ஈரச் சாக்கை இழுத்துப் போடுவாள். வாயிலிருக்கிற வெற்றிலையைச் சாக்கடையில் துப்புவாள். நேரே என் கடைக் கண்ணாடிக்கு வந்து, இரண்டு கைகளையும் கண்ணுக்குப் பக்கத்தில் அணை கட்டினது போல வைத்துக்கொண்டு, உள்ளே வரிசையாக ஓடுகிற டிவிகளில் நடு டிவியைப் பார்ப்பாள். மூக்கு கண்ணாடியில் அப்பிக்கொள்ளும். அவசரக்காரர்கள் சத்தம் போட்டால் திரும்பாமலே பதில் வரும். "செத்த நில்லும். ஆகாசத்தை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன்."

கடை என்றால் சாதாரணக் கடை இல்லை. திசையன்விளையிலிருந்து மூன்றாம் வகுப்போடு பஸ் ஏறி வந்தவன் நான். கல்யாண வீடுகளுக்கு மைக்செட் சுமந்தேன். ரேடியோவைப் பிரித்துப் பிரித்தே தொழில் படித்தேன். இன்றைக்குத் திருநெல்வேலி ஜங்ஷனில் மூன்று மாடியில் டிவி, பிரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று நிற்கிறது. கறுப்பு வெள்ளை டிவிக்கு முன்னால் நீலக் கண்ணாடி மாட்டிக் கொடுத்த காலத்திலிருந்து விற்கிறேன். டிவி விஷயத்தில் இந்த ஊரில் என்னிடம் வாய் கொடுத்து ஜெயித்தவன் கிடையாது. அப்பேர்ப்பட்டவன் வாசலில், ஒரு வார்த்தை கேட்காமல் இலை போட்டு உட்கார்ந்தவள் இவள். விரட்ட வந்த என்னைப் பார்த்து, "வாசல்ல வாழை இலை இருந்தா ஒமக்குத்தான அண்ணாச்சி மங்களம்?" என்றாள். விழுந்துவிட்டேன். பத்துப் பன்னிரண்டு வருஷமாக அந்த இடம் அவளுடையது.

வயது ஐம்பதைத் தொடும். கட்டை உருவம், பெரிய குரல். இலையை விரித்துத் தொடையில் ஒரு தட்டுத் தட்டித்தான் கொடுப்பாள். ஏன் என்று கேட்டால், "சொரணை இருக்கான்னு பாக்கேன்" என்பாள். மீனாட்சிபுரத்தில் ஆற்றை ஒட்டின தெருவில் வீடு. புருஷன் ஒரு பாத்திரக் கடையில் காவல். பிள்ளை கிடையாது. ஆடுகள் உண்டு. அவற்றுக்குப் பெயரெல்லாம் என் கடையில் பொறுக்கினது. கொம்பு நீண்ட கிடாய்க்கு ஆன்டெனா. சொன்ன பேச்சுக் கேட்கிற பெட்டைக்கு ரிமோட். எந்நேரமும் கத்துகிற குட்டிக்கு ஸ்பீக்கர்.

டிவியில் அவள் பார்ப்பது வானிலை மட்டும்தான். சீரியல் ஓடினால் முதுகைத் திருப்பிக்கொள்வாள். கண்ணாடிக்கு வெளியே சத்தம் கேட்காது, எழுத்து வாசிக்கவும் அவளுக்கு வராது. ஆகவே படம்தான் கணக்கு. பழைய படத்தில் தமிழ்நாட்டு மேப்பின் மேல் ஊருக்கு ஒரு மேகம் இருக்கும், மேகத்துக்குக் கீழே சொட்டுகள் இருக்கும். அதற்கு அவள் ஒரு சட்டமே போட்டு வைத்திருந்தாள். "ஒரு சொட்டுன்னா கொடியில கெடக்க துணிய எடு. ரெண்டு சொட்டுன்னா வெறகை உள்ள போடு. மூணு சொட்டுன்னா ஆட்டை மாடியில ஏத்து."

அந்தச் சட்டம் சும்மா வந்ததில்லை. இரண்டாயிரத்து இருபத்து மூன்று டிசம்பரில் ஆற்று வெள்ளம் ஊருக்குள் வந்ததே, அன்றைக்குச் சாயங்காலம் நெல்லை மேல் மூன்று சொட்டு விழுந்ததை அவள் இதே கண்ணாடியில் பார்த்தாள். மிச்சம் ஒரு கட்டு இலைதான் இருந்தது. விற்றுவிட்டுப் போவோம் என்று நின்றாள். அவள் போய்ச் சேர்வதற்குள் தெரு முனையிலேயே இடுப்பளவு தண்ணீர். கயிற்றில் கட்டிப் போட்ட ஆடுகள் கட்டிப் போட்டபடியே போய்விட்டன. இப்போதிருக்கிற ஆன்டெனாவும் ரிமோட்டும் அதற்குப் பிறகு வாங்கினவை. "தண்ணி கொண்டு போகல அண்ணாச்சி. நான் போட்ட முடிச்சுதான் கொண்டு போச்சு" என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னாள். அதன் பிறகு ஆட்டுக் கயிற்றில் இழுத்தால் அவிழ்கிற முடிச்சுத்தான் போடுகிறாள்.

அந்த வெள்ளத்திற்குப் பிறகு தெரு முழுக்க அவள் சொல்லைக் கேட்க ஆரம்பித்தது. அவள் வீட்டுக்குத் திரும்புகிற நேரத்தில் பெண்கள் வாசலில் நின்று, "ஏ தங்கம், எத்தன சொட்டு?" என்பார்கள். இவள் நடந்துகொண்டே விரலைக் காட்டுவாள். கலெக்டர் மாதிரி நடை.

இந்தப் பங்குனியில் நடு டிவியில் ஓடுகிற சேனல்காரன் படத்தை மாற்றினான். மேகமும் போயிற்று, சொட்டும் போயிற்று. பூமி உருண்டு வந்து நிற்கிறது. அதன் மேல் மஞ்சள், சிவப்பு, ஊதா என்று சாயம் ஓடுகிறது. வானிலை வாசிக்கிற பெண் நட்ட நடு மழையில் நிற்கிறாள், சேலை நனையவில்லை. ஊரே இதைப் பற்றித்தான் பேசிற்று. டீக்கடையில் ஒருவர், "ஹோலிக்குப் பொடி எறிஞ்ச மாதிரில்லா இருக்கு" என்றார். இன்னொருவர், "நல்லாத்தானவே இருக்கு, வெளிநாட்டுச் சேனல் கணக்கா" என்றார். என் கடைக்கு ஒரு மனுஷன் முந்தின மாதம் வாங்கின டிவியைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். "கலர் கலங்கிப் போச்சு அண்ணாச்சி, தமிழ்நாடு ஊதாவாத் தெரியுது, மாத்தித் தாரும்" என்றார். டிவி நல்ல டிவிதான் என்று புரியவைக்க எனக்கு இரண்டு காபி செலவு.

தங்கத்தாய்க்கு வந்த கோபம் வேறே. "எங்க அண்ணாச்சி நம்ம ஊரு?" என்றாள். போய்ப் பார்த்தேன். வாசிக்கிற பெண் சரியாகத் தென்கோடியில், நெல்லைக்கு மேலேதான் நிற்கிறாள். மதுரைக்குக் கீழே எல்லாம் அவள் சேலை. "மெட்ராசைத் தொறந்து போட்டுட்டு நம்மள மட்டும் முந்தானையால மூடிட்டு நிக்கா பாரும்!"

சித்திரையில் ஒரு நாள் அந்தப் பெண் கொஞ்சம் நகர்ந்தாள். தங்கத்தாய் பார்த்தாள். நெல்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரி எல்லாம் ஒரே சிவப்பு.

வெள்ளம் பார்த்த எங்கள் ஊர்க்காரனுக்குச் சிவப்பு என்றால் ஒன்றுதான். ரெட் அலர்ட். சேனலில் அடுத்து விளம்பரம் வந்ததைக்கூட அவள் பார்க்கவில்லை. ஓடினாள். அரை மணி நேரத்தில் என் கடை வாசலில் ஆட்டோ வந்து நிற்கிறது. அதே தெருக்காரன் சத்தியநேசன் ஓட்டுகிற ஆட்டோ. உள்ளே ட்ரங்குப் பெட்டி, அரிசி மூட்டை, ஆன்டெனா, ரிமோட், ஸ்பீக்கர். பின்னாலேயே தெருவில் பாதி சனம் தலையில் சாமானோடு வருகிறது. என் மூன்றாம் மாடி குடோனில் அத்தனை பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வேர்த்து வடிந்தது. ஒரு பொட்டு மேகம் இல்லை. பில் போடுகிற பிரியதர்ஷினி செல்போனைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "அது மழை இல்ல அத்தை. வெயில். நாளைக்கு வெயில் கூடுதல்னு போட்டிருக்கான்."

சேதி கீழே போனதும் சத்தியநேசன் சிரித்த சிரிப்பில் ஆட்டோ ஆடியது. "வெயிலுக்குப் பயந்து ஆட்டை மாடியில ஏத்தினது ஒலகத்துலயே எங்க அக்கா ஒருத்திதான்!" கூட வந்தவர்களும் சிரித்தார்கள். சாமானைச் சுமந்த கோபமும் அந்தச் சிரிப்பில் இருந்தது. மறுநாளிலிருந்து தெருவில் யாரும் சொட்டு கேட்கவில்லை. "யக்கா, இன்னைக்கு என்ன கலரு?" என்றுதான் கேட்டார்கள்.

தங்கத்தாய் இடத்தை மாற்றவில்லை, உட்காருகிற திசையை மாற்றினாள். டிவிக்கு முதுகு. செய்தி முடிகிற நேரத்திலும் இலை விற்றாள். வைகாசி போயிற்று, ஆனி, ஆடி போயிற்று. கண்ணாடியில் மூக்குத் தடம் இல்லாமல் எனக்குத்தான் என்னவோ போல இருந்தது. ஐப்பசி வந்தால் அந்தத் தெருவுக்கு யார் சொல்வது? செல்போன் இருக்கிறது. "அதுல என்னைக்குத்தான் மழை போடல?" என்று அவர்களே சொல்கிறார்கள்.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. பிரியதர்ஷினியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அந்த வானிலையைப் பார்த்தேன். ரேடியோவைப் பிரித்தவனுக்கு இது எம்மாத்திரம்? பிடித்துவிட்டேன். முதலில் வருகிற மேப் வெயில். விளம்பரத்துக்குப் பிறகு இரண்டாவதாக வருகிறதுதான் மழை. முதல் மேப்பில் சிவப்பு என்றால் சூடு. இரண்டாவதில் வெளிர் நீலம் தூறல், பச்சை மழை, ஊதா பேய் மழை. வாசிக்கிற பெண்ணும் அந்த இரண்டாவது மேப்பில் சென்னையைத் தொட்டுக் காட்ட ஒரு எட்டு வைப்பாள். அப்போது மட்டும் நெல்லை தெரியும்.

தங்கத்தாயிடம் போய்ச் சொன்னேன். இலையைத் தட்டிக்கொண்டே கேட்டாள். "ஒமக்குத் தெரியாததே கெடையாது அண்ணாச்சி" என்றாள். உண்மைதான். "ஆனா இன்னொரு மட்டம் தப்பாச் சொன்னேம்னா எந் தெருவுல நான் தலைய நீட்ட முடியாது."

ஆனாலும் ஆவணியில் ஒரு நாள் செய்தி முடியப் போகிற நேரத்தில் சாக்கு இலைக்கட்டின் மேல் ஏறியது. வந்தாள், மூக்கை அப்பினாள். "நகரு தாயி, நகரு" என்று கண்ணாடிக்குள் இருக்கிறவளிடம் கெஞ்சினாள். அவள் நகர்ந்ததும் மடியிலிருந்து சுண்ணாம்பு டப்பியை எடுத்து, ஒரு விரலால் கண்ணாடியில் ஒரே ஒரு வெள்ளைச் சொட்டு வைத்தாள். திரும்பிப் போய் இலைக்கட்டைப் பிரித்தாள். மறுநாள் அழித்துவிட்டுப் புதிதாக வைத்தாள். சில நாள் ஒன்று, சில நாள் இரண்டு, பல நாள் வெறும் கண்ணாடி. பார்க்காதது போல அந்த வழியே போகிற மீனாட்சிபுரத்துப் பெண்கள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு போனார்கள். சத்தியநேசன் மட்டும் தினமும் ஆட்டோவை நிறுத்திக் கலர் கேட்டான். மூன்று சொட்டு அவள் வைத்ததே இல்லை.

ஐப்பசியில், போன வாரம். வானம் கழுவி விட்டது போல இருந்தது. கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் வந்து மிச்சக் கட்டு முழுவதையும் கேட்டார். நல்ல விலை சொன்னார். ஏழு மணிச் செய்தி முடியப் போகிற நேரம். தங்கத்தாய் சாக்கை இழுத்து மூடினாள்.

"என்னம்மா, யாவாரம் வேண்டாமா?"

"நில்லும்" என்று கண்ணாடிக்கு வந்தாள்.

வெயில் மேப் வந்தது, போனது. விளம்பரம் வந்தது. இரண்டாவது மேப். அந்தப் பெண் நின்றாள், பேசினாள், ஒரு எட்டு வைத்தாள். அந்த நேரம் பார்த்து கல்யாண வீட்டுக்காரர் குறுக்கே வந்து எனக்கு டிவியை மறைத்துவிட்டார். நான் பார்க்கவில்லை. தங்கத்தாய் பார்த்தாள்.

"என்னட்டி போட்டிருக்கான்?" என்றேன்.

"யக்கா, இன்னைக்கு என்ன கலரு? ரோஸா?" ஆட்டோவிலிருந்து சத்தியநேசன் கேட்டான். டீக்கடையிலிருந்து இரண்டு பேர் சிரித்தார்கள்.

தங்கத்தாய் ஒரு தரம் நட்சத்திரத்தைப் பார்த்தாள். ஒரு தரம் மூடின இலைக்கட்டைப் பார்த்தாள். டப்பியைத் திறந்து ஒரு சொட்டு வைத்தாள். இரண்டாவது வைத்தாள். விரலை முந்தானையில் துடைக்கப் போனாள். துடைக்கவில்லை.

"இலை என்னாச்சு?" என்றார் கல்யாண வீட்டுக்காரர்.

"எல்லாம் ஒமக்குத்தான். தூக்கிட்டுப் போரும், ரூவாய அண்ணாச்சிட்ட குடும்" என்றாள் திரும்பாமலே. ஆட்காட்டி விரலைச் சுண்ணாம்புக்குள் ஆழ முக்கி, இரண்டு சொட்டுக்கும் கீழே, கண்ணாடி அதிர, மூன்றாவதை வைத்து அழுத்தினாள்.