கதவு சாத்தப்பட்டதா: ஆம் / இல்லை

சமூகப் பணியாளர்களுக்குப் பாடத்திட்டம் எழுதுவது என் தொழில். வீடு வீடாகப் போய், இங்கே பெண்ணை அடிக்கிறார்களா, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்று விசாரிக்கிறவர்கள் எப்படி உட்கார வேண்டும், எதை முதலில் கேட்க வேண்டும், எதை எழுதிக்கொள்ள வேண்டும் என்று நான் எழுதுவேன். எழுதியதைச் செம்பூர் அலுவலகத்தின் மாடி அறையில் நாலு நாள் வகுப்பாக நானே நடத்துவேன். பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன். நன்றாகச் செய்கிறேன் என்ற நினைப்பும் கொஞ்சம் தூக்கலாகவே உண்டு. "உன் ஏட்டுச் சுரைக்காய் எப்படி இருக்கு?" என்று கணவர் கிண்டல் செய்வார். அதை வைத்துத்தான் ஊரெல்லாம் சமைக்கிறார்கள் என்று நானும் விட்டுக்கொடுக்காமல் சொல்வேன்.

கடைசியாக எழுதிய பாடத்தில் மூன்றாவது பகுதி ஹோம் விசிட். அதில் ஒரு வரி: 'பாதிக்கப்பட்ட பெண்ணிடம் தனிமையில் பேசவும். கதவைச் சாத்திக்கொள்ளவும்.' மாதுங்காவில் என் வீட்டு மேஜையில் உட்கார்ந்து அதை எழுதினேன். அப்போது எனக்குப் பின்னால் வாசற்கதவு சாத்தியிருந்தது. எங்கள் கட்டடத்தில் எப்போதும் சாத்தித்தான் இருக்கும். திறந்து கிடந்தால்தான் பக்கத்து ஃபிளாட்காரர் எட்டிப் பார்த்து, என்ன, உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா என்று கேட்பார்.

வகுப்பின் இரண்டாம் நாள் ஒரு பெண் கையைத் தூக்கினாள். இருபத்தாறு வயது இருக்கும். தாராவியிலேயே, கல்லி என்று சொல்கிற சந்து ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். தென்காசிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம், அப்பாவுக்குப் பை தைக்கிற பட்டறை.

"மேடம், எங்க கல்லியில பகல்ல யாரும் கதவ சாத்த மாட்டாங்க."

மணி ஒன்றேகால். எல்லோருக்கும் பசி. திட்டத்துக்கு நிதி கொடுக்கிறவர்கள் இரண்டு பேர் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் என் வரியை ஒருத்தி அசைப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

"கதவத் திறந்து வச்சுண்டு எந்தப் பொண்ணும்மா வாயத் திறப்பா? சாத்திட்டுப் பேசிப் பழகுங்கோ" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். நறுக்கென்று சொன்னோம் என்று அன்றைக்கு எனக்கு உள்ளூர சந்தோஷம்கூட. அதோடு விடவில்லை. விதியைக் கடைப்பிடிக்கிறார்களா என்று பார்க்க, விசாரணை ஃபார்மில் ஒரு கட்டமும் வைத்தேன். கதவு சாத்தப்பட்டதா: ஆம் / இல்லை.

ஆறு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு முன்னால் அவளிடமிருந்து போன் வந்தது.

"மேடம், நான் நேத்து விசிட் போய் பாத்துட்டு வந்த அக்காவக் காணல. விடியக்காலம் குழாய்க்குப் போனவங்க திரும்பல. கேன் மட்டும் குழாயடியில கெடக்கு. சூப்பர்வைசர் போன் எடுக்கல."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தாராவி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்தான். பாலம் ஏறி இறங்கினால் வந்துவிடும். தாராவிக்கென்று அத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன், அந்தப் பாலத்தை நடந்து கடந்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். அன்றைக்குப் பாதிப் பாலத்திலேயே நான் ஓடத் தொடங்கினேன். பயம்தான்.

பாலத்தின் அடியில் அவள் நின்றிருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் ஃபைல் வைத்த பை. நடந்துகொண்டே சொன்னாள். அந்த அக்காவுக்கு முப்பத்திரண்டு வயது, பிள்ளை இல்லை. புருஷன் வெல்டிங் பட்டறையில் வேலை, கை நீட்டுகிறவன். முந்தின நாள் பதினோரு மணிக்கு இவள் போய்க் கதவைச் சாத்திவிட்டு அரைமணி நேரம் பேசியிருக்கிறாள். அக்கா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

"பகல்ல சாத்த மாட்டாங்கன்னு நீதானே சொன்னே? அப்புறம் ஏம்மா சாத்தினே?"

அவள் நிற்கவில்லை. "கட்டம் இருக்கே மேடம். மூணு தடவ 'இல்ல'ன்னு டிக் பண்ணா திரும்பவும் ட்ரெயினிங்குன்னு சொல்லியிருக்கீங்க. வேலையே போயிரும்னு நெனச்சேன்."

அது நான் போட்ட விதிதான்.

கல்லி இரண்டு ஆள் ஒதுங்கி நடக்கிற அகலம். இருபுறமும் எல்லாக் கதவும் திறந்து கிடந்தன. ஒரு வீட்டில் குக்கர், ஒரு வீட்டில் தையல் மெஷின், ஒரு வீட்டில் யாரோ தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்காத மாதிரி இருந்தது. ஆனால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டில் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்த அம்மாள்தான் இவளுக்குப் போன் செய்தவர். அவர் ஊசியைக் கீழே வைக்காமலே பேசினார்.

"பகல்ல கதவு சாத்துனா ஒண்ணு வீட்டுல ஆளில்லன்னு அர்த்தம், இல்லன்னா ஏதோ லஃப்டா, வில்லங்கம்னு அர்த்தம். நேத்து அது சாத்திக் கெடந்தத கல்லி பூராப் பாத்துச்சு. சாயங்காலம் அவன் வந்ததும் எவளோ சொல்லிட்டா."

"அப்புறம்?"

"முன்னெல்லாம் அவன் கைய ஓங்குனா நாங்க நாலு பேரு வாசல்ல வந்து நிப்போம். பாக்க ஆளிருந்தா அவன் கை எறங்கிரும். நேத்து தாழ்ப்பாளப் போட்டுட்டான். 'நீ சாத்தலாம், நான் சாத்தப்படாதோ'ன்னு அவன் கேட்டது வெளிய வரைக்கும் கேட்டுச்சு. தட்டுனோம் தாயி. தொறக்கல."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நான் யாரென்றே அவருக்குத் தெரியாது. எனக்கு மட்டும் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. வருடக்கணக்காக ஒரு பெண்ணைக் காப்பாற்றிவந்தது ஒரு திறந்த கதவு. அதைச் சாத்து என்று பாடம் எழுதியவள் நான்.

அப்போதுதான் புருஷன் வந்தான். வெள்ளைச் சட்டை, குளித்து வாரிய தலை. குரலை உயர்த்தவே இல்லை.

"வாங்க மேடம். தங்கச்சி, நீயும் வா. உள்ள வந்து பேசுங்க."

கல்லியில் நின்று மறுத்தால் ஏதோ தெரிந்திருக்கிறது என்று நினைப்பான் என்று பயந்து நான் உள்ளே போனேன். ஒரே அறை. மூலையில் கண்ணாடி வளையல் துண்டுகளைப் பெருக்கிக் குவித்து வைத்திருந்தான். அவன் கதவின் மேல் கையை வைத்தான்.

"உங்களுக்கெல்லாம் சாத்திட்டுப் பேசித்தான பழக்கம்?"

கதவு நகர்ந்தது. பத்தொன்பது வருடப் பாடத்தில் இந்த இடத்துக்கு ஒரு வரிகூட இல்லை. என் பின்னால் வந்த அந்தப் பெண் உள்ளே வரவில்லை. நேராக வாசற்படியில் நிலையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நான் இங்கனயே இருக்கேன்ண்ணே. காத்து வருது." திரும்பி எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினாள். "பெரியம்மா, ஒரு செம்புத் தண்ணி தாங்களேன்!"

கதவு அவள் முதுகில் இடித்து நின்றது. அவன் கொஞ்ச நேரம் அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவன் பார்வை அவள் மடியில் இருந்த பைக்குப் போயிற்று.

"அவ என்னப் பத்திச் சொன்னதெல்லாம் அதுலதான எழுதியிருக்க? குடு, பாக்கேன்."

ஃபார்மில் அவள் சொன்னது மட்டும் இல்லை. முதல் பக்கத்தில், மேலேயே, 'நம்பகமான உறவினர் முகவரி' என்று பெரிதாக ஒரு கட்டம். அவசரத்துக்குச் சட்டென்று கண்ணில் படட்டும் என்று அங்கே வைத்தது நான். அதில் காணாமல் போனவளுடைய கூடப்பிறந்த அக்காவின் விக்ரோலி முகவரி இருந்தது. அக்கா மூன்று வருடம் முன்னால் வீடு மாறியது இவனுக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்றே மாறினாளாம். அவள் போயிருந்தால் அங்கேதான் போயிருப்பாள். களத்துக்குப் போனால் ஃபைல் கையிலேயே இருக்க வேண்டும் என்பதும் என் விதிதான். நான் எழுதியது ஒவ்வொன்றும் அந்த மனிதனுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தது.

"ஆபீஸ் பேப்பர்ண்ணே" என்றாள் அவள்.

"குடுன்னா குடு." குனிந்து பையின் வாரைப் பிடித்தான்.

நான் ஏதோ சொன்னேன். சட்டம், போலீஸ் என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் கலந்து ஏதோ. அவன் காதிலேயே விழவில்லை. அவள் இரண்டு கையாலும் பையைக் கட்டிக்கொண்டு படியிலேயே கிடந்தாள். தண்ணீர்ச் செம்போடு எதிர்வீட்டம்மாள் வந்துவிட்டார். அவர் பின்னால் இன்னும் மூன்று பேர், ஒருத்தி கையில் கரண்டியோடு.

"ஏல, பொம்பளப்பிள்ள பையில கை வைக்கியோ? விடுல. நேத்து கதவு சாத்திக் கெடந்துச்சு, ஒண்ணுஞ் செய்ய முடியல. இன்னைக்குத் தொறந்துல்லா கெடக்கு!"

அவன் நிமிர்ந்தான். கல்லியில் பத்துப் பேருக்கு மேல் நின்றார்கள். வாரை விட்டான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "டீ குடிச்சிட்டுப் போங்க மேடம்" என்றான். அந்த மரியாதை எனக்கு அடியைவிடப் பயமாக இருந்தது.

அங்கிருந்து நேராக விக்ரோலிக்குப் போகவில்லை. அவன் பின்னால் வந்தால்? டிராம்பே போகிற பஸ்ஸில் ஏறி, செம்பூரில் இறங்கி, அலுவலகத்துக்குப் போய்க் கதவுக்குப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்தோம். விக்ரோலி அக்காவுக்குப் போன் செய்தோம். "இங்க வரல. என்ன ஆச்சு? என்ன பண்ணுனீங்க அவள?" என்று அழுதாள். பத்தரை ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. ரயிலில் விழுந்திருப்பாளோ என்று ஒரு முறை தோன்றியது. அதன் பிறகு வேறெதுவும் தோன்றவில்லை. அந்தப் பெண் நான் வாங்கிக் கொடுத்த வடாபாவைத் தொடவில்லை. அவள் முதுகில் கதவின் விளிம்பு பட்ட இடத்தில் குர்தா கிழிந்திருந்தது.

இரண்டே காலுக்குப் போன் அடித்தது. விக்ரோலிக்கு வந்துவிட்டாளாம். நடந்தே வந்திருக்கிறாள், வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து. வலது முன்கை உடைந்திருக்கிறது. உயிரோடு இருக்கிறாள். போனை வைத்துவிட்டு நான் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். அந்தப் பெண் வடாபாவை எடுத்துப் பாதி கடித்துவிட்டு அவளும் அழுதாள்.

அன்று மாலைக்குள் கைக்குக் கட்டுப் போட்டு, மான்குர்தில் ஒரு பெண்கள் காப்பகத்தில் இடம் வாங்கினோம். என் பாடம் புத்தகமாக நகரம் முழுவதற்கும் அச்சுக்குப் போயிருந்தது. மறுநாள் காலை முதல் வேலையாக அதை நிறுத்தச் சொன்னேன். என்ன காரணம் என்று மேலிடத்தில் கேட்டார்கள். நான் தப்பாக எழுதிவிட்டேன், வகுப்பில் ஒருத்தி சொன்னாள், கேட்கவில்லை என்றேன். அதைச் சொல்வது நான் நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. கஷ்டமான இடம் மான்குர்தில் இருந்தது.

மத்தியானம் போனேன். பஸ்ஸில் வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். காப்பகத்தின் நீளமான வராந்தாவில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். கடைசி அறையில் அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கையில் மாவுக்கட்டு, கன்னத்தில் வீக்கம். நான் நினைத்ததைவிடச் சின்னவளாக இருந்தாள். நான் உள்ளே போய், திரும்பி, கதவைச் சாத்தினேன்.

மன்னிப்புக் கேட்க வந்தவள் நான். வெளியே இருக்கிற பெண்கள் அதைக் கேட்க வேண்டாம் என்று நினைத்திருக்கிறேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, கை தானாகச் சாத்தியது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. கதவையே பார்த்தாள். கட்டுக் கையை மார்போடு அணைத்துக்கொண்டு கட்டிலிலிருந்து இறங்கி, சுவரோரமாக என்னைச் சுற்றிப் போய், இடது கையால் கதவைத் திறந்தாள். அது மறுபடி சாத்திக்கொள்ளாமல் இருக்கத் தன் செருப்பை அடியில் செருகினாள்.

"தொறந்தே கெடக்கட்டும்மா" என்றாள்.

வராந்தாவில் கீரை ஆய்ந்த கைகள் நின்றுவிட்டன. எல்லோரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொல்ல வந்ததை அவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.